ஒரு தாயமாவது விழுமா?

தாயம் ஆட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதுவரை கட்டையை உருட்டிவிட்டு, எதிராளியின் காய்கள் கட்டம் கட்டமாக முன்னேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவருக்கு முதல் உருட்டலிலேயே விழுந்துவிடுகிறது. இன்னொருவருக்கு ஆட்டம் பாதி முடிந்த பிறகும் இரண்டும் மூன்றுமாகவே விழுகிறது. "இத்தனை நேரம் விழலை, இனி விழாம எங்கே போகும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்க்கிறார். அவர் சொல்வது சரியா? எத்தனை முறை உருட்டினால் தாயம் விழும் என்று எதிர்பார்க்கலாம்?

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதேதான். ஒரு முறை நடந்தது அடுத்த முறையைப் பாதிப்பதில்லை. இப்படி ஒன்றையொன்று பாதிக்காதவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கின்றன. இந்தக் கணக்குகளுக்குத் தேவையான கருவி பெருக்கல் மட்டுமே. பத்தாம் வகுப்பு மாணவரே போட்டுவிடும் அளவுக்கு எளிது. ஆனால் எதைப் பெருக்குவது, எப்போது பெருக்கலாம் என்ற இரண்டு கேள்விகளில் சூதாடிகளும் அறிஞர்களும் நீதிமன்றங்களும் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

பதினாறில் இரண்டு

தாயத்துக்கு நீளவாக்கில் நான்கு பக்கம் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. நான்காவது பக்கம் வெறுமையாக இருக்கும். கட்டைகள் உருண்டு நின்றதும் மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். ஒரு கட்டையில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் வந்தால் தாயம். இரண்டுமே வெறுமை என்றால் பன்னிரண்டு.

நான்கு பக்கமும் சமமாக விழக்கூடிய நல்ல கட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டையின் ஒவ்வொரு பக்கத்தோடும் இரண்டாவது கட்டையின் நான்கு பக்கங்கள் சேரலாம்; ஆக மொத்தம் 4 × 4 = 16 வகை. தாயம் இரண்டு வகையில் விழும்: முதல் கட்டையில் ஒன்று, இரண்டாவதில் வெறுமை, அல்லது அதற்கு நேர்மாறாக. எனவே தாயத்தின் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. மற்றவற்றையும் எண்ணிவிடலாம்: இரண்டு விழ 3 வகை, மூன்று விழ 4, நான்கு விழ 3, ஐந்து விழ 2, ஆறு விழ 1, பன்னிரண்டு விழ 1. மூன்று ஏன் அலுக்கும் அளவுக்கு விழுகிறது, ஆறும் பன்னிரண்டும் ஏன் அபூர்வமாக விழுகின்றன என்பதெல்லாம் இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

எட்டில் ஒரு வாய்ப்பு என்றதும் பலர் சொல்வது இது: எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தே ஆக வேண்டும். 1/8-ஐ எட்டு முறை கூட்டினால் 1 வருகிறது அல்லவா? ஆனால் அதே வழியில் ஒன்பது முறைக்குக் கணக்குப் போட்டால் 9/8 வரும். நிச்சயத்தைவிட அதிக நிச்சயம் என்று எதுவும் கிடையாது. ஆகவே கூட்டியதில்தான் பிழை.

64 பேர் ஆளுக்கு இரண்டு முறை உருட்டுகிறார்கள், எல்லாம் சராசரிப்படியே நடக்கிறது என்று கொள்வோம். முதல் உருட்டலில் 8 பேருக்குத் தாயம். இரண்டாவது உருட்டலிலும் 64 பேரில் 8 பேருக்குத் தாயம். 8 + 8 = 16 என்று எழுதத் தோன்றும். ஆனால் முதல் முறை தாயம் போட்ட 8 பேரில் ஒருவர் இரண்டாம் முறையும் போட்டிருப்பார். அவரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். உண்மையில் தாயம் கண்டவர்கள் 15 பேர்.

இப்போது தாயம் விழாதவர்களை எண்ணுவோம். முதல் உருட்டலுக்குப் பின் 56 பேர். அந்த 56 பேரில் 7/8 பங்கு, அதாவது 49 பேர், இரண்டாவது உருட்டலுக்குப் பின்னும் வெறுங்கையோடு இருக்கிறார்கள். 49/64 என்பது 7/8 × 7/8 தான். இங்கே யாரையும் இரட்டையாக எண்ண வழியில்லை. 'ஒரு தாயமாவது' என்பது பல விதமாக நடக்கலாம்: முதலில் மட்டும், பிறகு மட்டும், இரண்டு முறையும். 'ஒன்றுகூட இல்லை' என்பது ஒரே விதமாகத்தான் நடக்கும்: ஒவ்வொரு முறையும் விழாமல் போக வேண்டும். அதனால்தான் அதைப் பெருக்கலில் பிடிக்க முடிகிறது.

வழிமுறை இதுதான். 'ஒரு முறையாவது' என்று கேள்வி வந்தால், முதலில் 'ஒரு முறைகூட இல்லை' என்பதைக் கண்டுபிடியுங்கள். அதை 1-இலிருந்து கழியுங்கள்.

7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.344. ஆக, எட்டு உருட்டல்களில் ஒரு தாயமாவது விழும் வாய்ப்பு 65.6 சதவீதம். மூவரில் ஒருவருக்கு மேல் எட்டு உருட்டலிலும் தாயம் காணாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து உருட்டல்களில் வாய்ப்பு 48.7 சதவீதம், ஆறில் 55.1. தாயம் விழும் என்று பந்தயம் கட்டுகிறவர் குறைந்தது ஆறு உருட்டல் கேட்க வேண்டும். பதினாறு உருட்டல்களுக்கு 88.2 சதவீதம், இருபத்துநான்குக்கு 95.9. இருபத்துநான்கு முறை உருட்டியும் தாயம் விழாதவர்கள் நூற்றில் நான்கு பேர் இருப்பார்கள். அவர்கள் கையில் தோஷம் எதுவும் இல்லை, கணக்கே அப்படி.

பாரிஸிலிருந்து துலூசுக்கு

1654 ஜூலை 29 அன்று பாரிஸிலிருந்த பிளெய்ஸ் பாஸ்கல், துலூசில் வாழ்ந்த பியர் த ஃபெர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கோடையில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டன. அந்தக் கடிதத்தில் ஷெவாலியே த மேரே என்று அறியப்பட்ட அந்துவான் கோம்போவின் குழப்பம் ஒன்று வருகிறது.

ஒரு பகடையை நான்கு முறை உருட்டி, ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் அது லாபமான பந்தயம். நம் வழிமுறைப்படியே பார்க்கலாம். நான்கு உருட்டல்களுக்கு 6 × 6 × 6 × 6 = 1296 வகை. ஆறே விழாத வகை 5 × 5 × 5 × 5 = 625. மீதி 671. பாஸ்கலின் கடிதத்தில் 671-க்கு 625 என்ற இதே விகிதம் இருக்கிறது. வெற்றி வாய்ப்பு 51.8 சதவீதம்.

மேரேயின் அடுத்த பந்தயம், இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டி இரட்டை ஆறு விழ வைப்பது. ஒரு பகடைக்கு 6 வகை, நான்கு உருட்டல் போதும். இரண்டு பகடைக்கு 36 வகை. ஆகவே அதே விகிதத்தில் 24 உருட்டல் போதுமே என்பது அவர் வாதம். ஆனால் 24 உருட்டலில் பந்தயம் சாதகமாக இல்லை. கணிதமே தன்னோடு முரண்படுகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

முரண்பாடு கணிதத்தில் இல்லை. 35/36-ஐ 24 முறை பெருக்கினால் 0.509. எனவே இரட்டை ஆறு ஒரு முறையாவது விழும் வாய்ப்பு 49.1 சதவீதம்தான். 25 உருட்டல் கிடைத்தால் 50.6 ஆகி, பந்தயம் சாதகமாகிவிடும். வாய்ப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால் உருட்டல் ஆறு மடங்கானால் போதும் என்பது கூட்டல் புத்தி. திரும்ப நடப்பவை கூட்டலுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு உருட்டலும் மிச்சமிருப்பதில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கட்டைக்கு நினைவு இல்லை

"இத்தனை நேரம் விழலை, இனி விழாம எங்கே போகும்?" என்றவருக்கு வருவோம். இருபது முறை தாயம் விழாமல் போயிருக்கிறது. இருபத்தொன்றாவது உருட்டலில் தாயம் விழும் வாய்ப்பு என்ன? 1/8. முதல் உருட்டலில் இருந்த அதே 1/8. பித்தளைக் கட்டைக்கு முன்பு எப்படி விழுந்தோம் என்று தெரியாது. அவர் பட்ட ஏமாற்றத்துக்கு ஈடுசெய்யும் கடமையும் அதற்கு இல்லை.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் மேசை ஒன்றில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. கறுப்பு நீண்டுகொண்டே போகப் போக, அடுத்தது சிவப்புதான் என்று மேசையைச் சுற்றி நின்றவர்கள் மேலும் மேலும் பணத்தைச் சிவப்பில் வைத்துப் பெருந்தொகையை இழந்தார்கள். அந்த வகை ரூலெட்டில் 37 குழிகள்: 18 கறுப்பு, 18 சிவப்பு, ஒன்று பூஜ்யம்.

அவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டார்கள். 'அடுத்த 26 சுழற்சிகளும் கறுப்பாகவே அமையுமா?' என்று ஆட்டம் தொடங்கும்முன் கேட்டால், 18/37-ஐ 26 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 13.7 கோடியில் ஒன்று. '25 கறுப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது, அடுத்தது கறுப்பா?' என்று கேட்டால் விடை 18/37, அதாவது 48.6 சதவீதம். சிவப்புக்கும் அதே 48.6. நடந்து முடிந்த 25 சுழற்சிகளின் அபூர்வம் முழுவதும் செலவாகிவிட்டது. இருபத்தாறாவதின் மீது அதற்கு எந்தப் பிடியும் இல்லை. இனி நடக்கப்போவதை மட்டும் பெருக்குங்கள், நடந்துவிட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நினைவில்லாத இந்தக் குணத்தால் இன்னொரு விளைவும் உண்டு. தாயம் விழச் சராசரியாக 8 உருட்டல் ஆகும். இருபது முறை வீணாக உருட்டியவருக்கும் இனிமேல் சராசரியாக ஆக வேண்டியது அதே 8 தான். பாதிப் பேருக்கு மேல் ஆறு உருட்டலுக்குள் தாயம் கிடைத்துவிடும்போது சராசரி ஏன் எட்டு? இருபது, முப்பது என்று காத்திருக்கும் சிலர் அந்தச் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள்.

எத்தனை முறை என்று கேட்டால்

'ஒரு முறையாவது' என்பதைத் தாண்டி, 'சரியாக இரண்டு முறை' என்று கேட்டால் வேலை சற்றுக் கூடும். எட்டு உருட்டல்களில் இரண்டில் தாயம், ஆறில் தாயமில்லை. குறிப்பிட்ட ஒரு வரிசைக்கு, உதாரணமாக முதலும் ஐந்தாவதும் தாயம் என்பதற்கு, நிகழ்தகவு 1/8-ஐ இரண்டு முறையும் 7/8-ஐ ஆறு முறையும் பெருக்கினால் வரும். ஆனால் எட்டு இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 28 வழிகள் உண்டு. ஆகவே 28-ஆலும் பெருக்க வேண்டும். விடை 19.6 சதவீதம். இதே வழியில் ஒரே ஒரு தாயம் 39.3, ஒன்றுமே இல்லை 34.4, மூன்றோ அதற்கு மேலோ வெறும் 6.7 சதவீதம். வரிசைகளை எண்ண மறப்பதுதான் மாணவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் பிழை.

1693-இல் சாமுவேல் பெப்பிஸ், ஐசக் நியூட்டனுக்கு எழுதிக் கேட்டது இந்த வகைக் கேள்விதான். பெப்பிஸ் ஆங்கிலக் கடற்படையின் முன்னாள் மூத்த நிர்வாகி. இங்கிலாந்து ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். நியூட்டனின் 'பிரின்சிப்பியா' நூலின் முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. மூன்று பந்தயங்களில் எது சாதகம் என்று அவர் கேட்டார். 6 பகடைகளை உருட்டி ஒரு ஆறாவது விழுவது, 12 பகடைகளில் இரண்டு ஆறாவது விழுவது, 18 பகடைகளில் மூன்று ஆறாவது விழுவது.

விகிதம் மூன்றிலும் ஒன்றே என்பதால் வாய்ப்பும் ஒன்றே என்று தோன்றும். பெப்பிஸ் மூன்றாவதுதான் சாதகம் என்று நம்பினார். முதலாவதுதான் சாதகம் என்று நியூட்டன் பதில் எழுதினார். முதலாவது 66.5 சதவீதம், இரண்டாவது 61.9, மூன்றாவது 59.7. நியூட்டனுக்கு முன்பே ஒருவர் உள்ளுணர்வால் இந்த வரிசையைச் சொல்லியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. இங்கே உள்ளுணர்வை நம்பாமல் எழுதிப் பார்ப்பதுதான் வழி.

ஐந்து பேரின் மாதிரி, ஒரே சோதனை

பந்தயத்தில் பிறந்த இந்தக் கணக்கு மக்கள் உயிரைக் காக்கவும் பயன்பட்டிருக்கிறது. 1943-இல் அமெரிக்காவின் ராபர்ட் டார்ஃப்மன் ஒரு யோசனை சொன்னார். ராணுவத்தில் சேர வருகிறவர்களின் ரத்தத்தைச் சிஃபிலிஸ் நோய்க்காகத் தனித்தனியே சோதிக்காமல், பலருடைய ரத்தத்தைக் கலந்து ஒரே சோதனை செய்யலாம். முடிவு 'இல்லை' என்று வந்தால் அத்தனை பேருக்கும் நோயில்லை. 'உண்டு' என்றால் மட்டும் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதித்தால் போதும்.

2020 ஏப்ரலில், கோவிட் பரிசோதனைக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதே முறையைப் பரிந்துரைத்தது. தொற்று விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள பகுதிகளில் கலக்கலாம்; ஒரு கலவையில் 5 மாதிரிகளுக்கு மேல் கூடாது. மாதிரி அதிகம் கலந்தால் வைரஸ் நீர்த்துப்போய்ச் சோதனையில் தப்பிவிடக்கூடும் என்பதால் அந்த எல்லை.

தொற்று சரியாக 2 சதவீதம் என்று கொள்வோம். ஒருவருக்குத் தொற்று இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.98. ஐந்து பேருக்குமே இல்லாமல் இருக்க, 0.98-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 0.904. பத்தில் ஒன்பது கலவைகள் முதல் சோதனையிலேயே முடிந்துவிடும். நூறு பேருக்கு 20 கலவைச் சோதனைகள். அவற்றில் சராசரியாக இரண்டு கலவைகளை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பத்துச் சோதனை. நூறு ஆக வேண்டியது முப்பதில் முடிகிறது. தொற்று 30 சதவீதம் ஆகிவிட்டால் கதை தலைகீழ்: கலவை சுத்தமாக இருக்கும் வாய்ப்பு 17 சதவீதம்கூட இல்லை, நூறு பேருக்குச் சராசரியாக 103 சோதனை ஆகும். கலக்காமல் இருப்பதே மேல்.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒருவருக்குத் தொற்று இருப்பது மற்ற நால்வரைப் பாதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம். ஐவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் அது பொருந்தாது. தொற்று அந்த ஒரு கலவையில் கூட்டமாகச் சேரும். மற்ற கலவைகள் அதிகம் சுத்தமாக இருக்கும். அதனால் நம் கணக்கு சொன்னதைவிடக் குறைவான சோதனையே தேவைப்படும். இங்கே அனுமானம் தவறினாலும் நன்மைதான். எல்லா இடத்திலும் அப்படி அமையாது.

பெருக்கியிருக்கக் கூடாத பெருக்கல்

சாலி கிளார்க் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரின் முதல் மகன் 1996 டிசம்பரிலும் இரண்டாவது மகன் 1998 ஜனவரியிலும் கைக்குழந்தைகளாகவே இறந்தார்கள். இரண்டு குழந்தைகளையும் கொன்றதாகத் தாய் மீது வழக்கு. அரசுத் தரப்பில் சாட்சி சொன்ன குழந்தை மருத்துவ நிபுணர் ராய் மெடோ ஓர் எண்ணை முன்வைத்தார். அவர்களுடையதைப் போன்ற, வசதியான, புகைப்பழக்கம் இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று. ஆகவே இரண்டு குழந்தைகள் அப்படி இறக்கும் வாய்ப்பு 8,543 × 8,543: சுமார் 7.3 கோடியில் ஒன்று. 1999 நவம்பரில் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெருக்கலில் தவறில்லை. பெருக்கும் உரிமைதான் இல்லை. ஒரே தாய் தந்தை, ஒரே மரபணுக்களின் பங்கு, ஒரே வீடு, ஒரே காற்று. முதல் மரணத்துக்கு அறியப்படாத ஒரு காரணம் இருந்தால், அதே காரணம் இரண்டாவது குழந்தைக்கும் காத்திருக்கலாம். முதல் குழந்தை இறந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்கான வாய்ப்பு 8,543-இல் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. 2001 அக்டோபரில் பிரிட்டனின் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி, அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. அந்த எண் சரியாகவே இருந்திருந்தாலும், அதைத் தாய் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு என்று படிப்பது இன்னொரு பிழை. ஒரே தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அபூர்வம்தான், இரண்டு அபூர்வங்களையும் ஒப்பிட்டே முடிவுக்கு வர முடியும்.

2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சோதனை முடிவுகள் வெளிவந்ததுதான் அதற்கு முதன்மைக் காரணம். புள்ளிவிவரம் நடுவர்கள் முன் வைக்கப்பட்ட விதத்தையும் நீதிபதிகள் குறை கூறினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவர் 2007-இல் காலமானார்.

இந்த வழக்கைப் பள்ளிப் பாடநூலில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 'இவை சார்பிலா நிகழ்ச்சிகள் எனக் கொள்க' என்று வினாத்தாளே சொல்லிவிடுவதால், அதைக் கேள்வி கேட்கும் பழக்கமே மாணவருக்கு வருவதில்லை. பகடைக்கும் கட்டைக்கும் அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு. மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் மழைக்கும் அது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒன்று: சில வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். தொடர்ந்து மூன்று முறை இப்படி மறு உருட்டல் கிடைக்கும் வாய்ப்பு என்ன? (16 வகையில் 6 வகை, அதாவது 3/8. மூன்று முறை பெருக்கினால் 27/512, ஏறத்தாழ 5.3 சதவீதம்.)

இரண்டு: 'நூறாண்டு வெள்ளம்' என்று பொறியாளர்கள் சொல்வது, எந்த ஓர் ஆண்டிலும் வர 1/100 வாய்ப்புள்ள வெள்ளத்தை. ஆற்றங்கரையில் வீடு கட்டி 30 ஆண்டுக் கடன் வாங்கியவர், கடன் தீர்வதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தையாவது பார்க்கும் வாய்ப்பு என்ன? (0.99-ஐ 30 முறை பெருக்கினால் 0.74. ஆகவே 26 சதவீதம், நால்வரில் ஒருவருக்கு மேல். ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை, நிலைமை மாறாதது என்ற அனுமானத்தில்.)

மூன்று: ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இரண்டு மோட்டார்கள். ஏதாவது ஒரு நாளில் ஒரு மோட்டார் ஓடாமல் போகும் வாய்ப்பு 1/10. இரண்டுமே ஓடாமல் ஊர் தண்ணீரின்றித் தவிக்கும் வாய்ப்பு என்ன? 1/100 என்று எழுதக் கை துடிக்கும். இரண்டு மோட்டார்களுக்கும் மின்சாரம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறதா என்று கேட்காமல் விடையை எழுதாதீர்கள்.